காய்ச்சல் மருந்து ஒத்துக்கொள்ளாத பிள்ளை

மழை ஓய்ந்து இரண்டு மூன்று கிழமை போனதும் கொழும்பில் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கத்து டிஸ்பென்சரிகளில் பின்னேரங்களில் வாங்குகள் நிறைந்துவிடும். வெள்ளவத்தையில் காலி வீதிப் பாமசிகளிலும் அதே நெரிசல்தான். தாயின் தோளில் சாய்ந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டொக்டர் கேட்பார். அடுத்து, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்பார். “ஓம் டொக்டர், பனடோல் குடுத்தா உடம்பெல்லாம் தடிக்கும்” என்று பதில் வந்தால், எழுதிக்கொண்டிருந்த பேனை அப்படியே நிற்கும்.

காரணம் டெங்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பிள்ளைக்கு இபுபுரோபன், டைக்ளோபெனாக், மெபெனாமிக் அமிலம், அஸ்பிரின் எதையும் கொடுக்கக்கூடாது. ஏற்கெனவே குருதிச் சிறுதட்டுகள் குறைந்துபோகும் நோய் அது. இந்த மருந்துகள் மிஞ்சிய தட்டுகளையும் வேலை செய்ய விடா. இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். கொடுக்கக்கூடிய ஒரே காய்ச்சல் மருந்து பரசிட்டமோல், அதாவது பனடோல். அதுவும் ஒத்துக்கொள்ளாது என்று பிள்ளையின் மருத்துவக் கொப்பியில் எழுதியாயிற்று என்றால், ஈரத்துணியும் நீராகாரமும்தான் மிச்சம். இல்லாவிட்டால், பதற்றத்தில் வீட்டார் தாமாகவே வேறொரு மருந்தை வாங்கிக் கொடுத்துவிடும் ஆபத்து. ஆகவே கொழும்பில் வளரும் ஒரு பிள்ளையின் கொப்பியில் அந்த ஒற்றை வரி உண்மையாக இருந்தே ஆகவேண்டும். பல பிள்ளைகளுக்கு அது உண்மையல்ல. உண்மையாக இருக்கும் சில பிள்ளைகளுக்கோ, எந்த மருந்து என்பது பிழையாக எழுதப்பட்டிருக்கும்.

காய்ச்சலோடு வந்த தடிப்பு நோயின் தடிப்பா, மருந்தின் தடிப்பா? இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேல் வயது. அதை ஒழுங்காகக் கேட்டு, நாட்காட்டியை வைத்து விடை தேடியவர்கள் வியன்னா நகரத்தின் சிறுவர் வைத்தியர்கள் இருவர்: கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே, பேலா ஷிக். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. டிப்தீரியா என்ற தொண்டை நோய்க்கும் செங்காய்ச்சலுக்கும் குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தைப் பிள்ளைகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். டிப்தீரியாவில் அந்த ஊசி எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது. ஆனால் சில பிள்ளைகளுக்கு ஒரு கிழமைக்கு மேல் கழிந்த பிறகு புதிதாகக் காய்ச்சல் வந்தது; உடம்பு தடித்தது; மூட்டுகள் வீங்கின. செங்காய்ச்சல் தானே தடிப்பைக் கொண்டுவரும் நோய். எதை எதன் தலையில் போடுவது?

இருவரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசி போட்ட நாளையும் தடிப்பு வந்த நாளையும் குறித்துக்கொண்டே வந்தார்கள். முதல் ஊசிக்குப் பிறகு பல நாள் கழித்து வந்த அதே குழப்பம், முன்பு ஒருமுறை சீரம் பெற்ற பிள்ளைக்கு இரண்டாவது ஊசி போட்டபோது மிக விரைவில் வந்தது. சிலருக்கு அன்றைக்கே வந்தது. சீரம் நஞ்சாக இருந்திருந்தால் முதல் தடவையும் இரண்டாவது தடவையும் ஒரே மாதிரி நடந்திருக்கவேண்டும். மாறியது பிள்ளையின் உடம்பு. முதல் ஊசியை அது நினைவில் வைத்திருந்து, இரண்டாவதை எதிர்க்கிறது. 1905இல் இதை நூலாக எழுதினார்கள். உடம்பு இப்படி மாறிப்போய்ப் பதில் தருவதற்கு 1906இல் பிர்கே ‘அலர்ஜி’ என்று பெயர் வைத்தார். மருந்து ஒவ்வாமை பற்றிய அறிவு பிறந்த இடம் ஒரு சிறுவர் வார்டு. பிறப்பித்தது, நேரம் குறித்து வைத்த பழக்கம்.

காய்ச்சல் மருந்தின் கதை அதற்கு இருபது ஆண்டு முன்பே இன்னொரு ஊரில் தொடங்கியிருந்தது. 1886இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஆர்னோல்ட் கான், பவுல் ஹெப் என்ற இளம் வைத்தியர்கள் இருவர், குடற்புழு உள்ள நோயாளிகளுக்கு நப்தலீன் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டு அலுமாரிகளில் துணிக்கு நடுவே வைக்கிற பூச்சி உருண்டை இருக்கிறதே, அதே நப்தலீன். புழு போகவில்லை. ஆனால் ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் சட்டென்று இறங்கியது. விசாரித்தபோது மருந்தகம் கொடுத்தது நப்தலீனே அல்ல, அசற்றனிலைட் என்ற வேறொரு இரசாயனம் என்று தெரிந்தது. பெயர் மாறிப்போன ஒரு போத்தலிலிருந்து ஒரு காய்ச்சல் மருந்து பிறந்தது. அன்ரிபெப்ரின் என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது. குடித்த சிலருக்கு உதடும் நகமும் நீலம் பூத்தன. மருந்து இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் கெடுத்தது. அதற்குப் பாதுகாப்பான மாற்றாகத் தேடப்பட்டவற்றில் ஒன்று பரசிட்டமோல். 1893இல் அதைச் சோதித்த ஃபொன் மேரிங், இதுவும் இரத்தத்தைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். அந்த முடிவு பிழை. ஆனாலும் அதனால் பரசிட்டமோல் அரை நூற்றாண்டு காலம் மூலையில் கிடந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது அஸ்பிரின். 1899இல் பேயர் நிறுவனம் அதைச் சந்தைக்கு விட்டது. மூன்றே ஆண்டில், 1902இல், ஹிர்ஷ்பெர்க் என்ற வைத்தியர் அஸ்பிரின் குடித்தவுடன் முகம் வீங்கித் தடித்த ஒரு நோயாளியைப் பற்றி ஜேர்மன் மருத்துவ இதழில் எழுதினார். இருபது ஆண்டு கழித்து இந்தக் கதையில் நம்மவர்களுக்குப் பழக்கமான ஒரு பெயர் வருகிறது. நெருப்புக்காய்ச்சல் சந்தேகம் என்றால் செய்யச் சொல்வார்களே விடால் டெஸ்ட், அந்த விடால்தான். பாரிசில் இருந்த பெர்னான் விடால், தம் சகாக்கள் இருவரோடு சேர்ந்து, அஸ்பிரின் குடித்தால் மூச்சிழுப்பு வரும் ஒரு பெண்ணைப் பற்றி 1922இல் எழுதினார். அந்தப் பெண்ணுக்கு ஆஸ்துமா இருந்தது. மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தது. விடால் குழுவினர் அவர் சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டுப் போகவில்லை. தங்கள் கண்முன்னே அஸ்பிரினைக் கொடுத்து, உண்மையில் அதுதானா என்று பார்த்தார்கள். பிறகு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, அந்த மருந்தைத் தாங்கும்படி அவரைப் பழக்கினார்கள். சந்தேகப்பட்ட மருந்தை வைத்தியர் அருகில் இருந்து கொடுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை என்ற வழி அங்கே தொடங்குகிறது. ஆனால் அந்தக் கட்டுரையைப் பலர் கவனிக்கவில்லை. 1968இல் அமெரிக்காவில் சம்டரும் பியர்ஸும் ஆஸ்துமா, மூக்குச் சதை, அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை என்ற அதே மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிய பிறகுதான் உலகம் காதுகொடுத்தது.

அதிலும் ஒரு புதிர் மிஞ்சியது. அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்டோமெதசின் போன்ற வேறு மருந்துகளும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டின் இரசாயன வடிவமும் வேறு. பிர்கே சொன்ன வழியில் பார்த்தால், உடம்பு நினைவில் வைப்பது ஒரு குறிப்பிட்ட பொருளை. முகம் தெரியாத இன்னொரு பொருளை அது ஏன் எதிர்க்கவேண்டும்? சிலர் அஸ்பிரினை முதன்முறை குடித்தபோதே அவதிப்பட்டார்களே, அது எப்படி?

1971இல் லண்டனில் ஜோன் வேன் ஒரு பாதி விடை தந்தார். கினிப்பன்றியின் நுரையீரல் திசுவை வைத்துச் செய்த ஆய்வில், அஸ்பிரினும் அதன் கூட்டமும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன என்று கண்டார். காய்ச்சலும் வலியும் வீக்கமும் அதனால்தான் தணிகின்றன. 1982இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மறுபாதி விடை போலந்தின் கிராக்கோ நகரத்திலிருந்து வந்தது. 1975இல் அந்திரேய் ஷெக்லிக்கும் சகாக்களும் அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா நோயாளிகளுக்குப் பல வலி மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். புரொஸ்டகிளாண்டினைப் பலமாகத் தடுக்கும் மருந்துகள் எல்லாம் மூச்சிழுப்பைக் கொண்டுவந்தன. அப்படித் தடுக்காதவை கொண்டுவரவில்லை. பரசிட்டமோல் இரண்டாவது பக்கத்தில் நின்றது.

வாய்க்காலின் ஒரு கிளையை அடைத்தால் தண்ணீர் மற்றக் கிளையில் பாயும். புரொஸ்டகிளாண்டின் போகும் வழியை மருந்து அடைக்கும்போது, சில உடம்புகளில் லியூக்கோட்ரையீன் என்ற இன்னொரு பொருள் பெருகுகிறது. தோலைத் தடிக்க வைப்பதும் மூச்சுக்குழாயைச் சுருக்குவதும் அதுதான். இது பிர்கே சொன்ன ஒவ்வாமை அல்ல. உடம்பு முன்பே பார்த்திருக்கத் தேவையில்லை. முதல் கரண்டியிலேயே வரலாம். ஒரு மருந்துக்கு வந்தால் அந்தக் கூட்டத்தின் மற்ற மருந்துகளுக்கும் வரும். பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் முகத்தில்தான் தெரியும். இபுபுரோபன் பாணியைக் குடித்த ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் மேலிமை தடித்து, கண் பாதி மூடும். சிலவேளை உதடும் வீங்கும். கண்ணில் பூச்சி கடித்துவிட்டது என்றுதான் வீட்டில் முதலில் நினைப்பார்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தூசிக்குத் தும்மலோ மூச்சிழுப்போ ஏற்கெனவே இருக்கும். கொழும்பின் ஈரக் காற்றில், படுக்கை விரிப்புத் தூசியோடு வளரும் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல.

பரசிட்டமோல் மூலையிலிருந்து திரும்பி வந்த கதையையும் சொல்லவேண்டும். 1948இல் நியூயோர்க்கில் பேர்னார்ட் புரோடியும் ஜூலியஸ் அக்செல்ரொட்டும், உடம்புக்குள் போன அசற்றனிலைட்டில் பெரும்பகுதி பரசிட்டமோலாக மாறுகிறது, காய்ச்சலைத் தணிப்பது அதுதான் என்று காட்டினார்கள். உதட்டை நீலமாக்கும் வேலை வேறொரு பொருளுடையது. 1955இல் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான பாணி மருந்தாகவே பரசிட்டமோல் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பிரித்தானியாவில் பனடோல் என்ற பெயரில் குளிசையாக வந்தது. 1963இல் சிட்னியின் டக்ளஸ் ரே, காய்ச்சலுக்குப் பிறகு மூளை வீங்கி ஈரல் கெட்டு இறக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதற்கும் அஸ்பிரினுக்கும் உள்ள தொடர்பு பின்னர் தெரிந்தது. 1986இல் பிரித்தானியாவில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடமிருந்து அஸ்பிரின் விலக்கப்பட்டது. அஸ்பிரின் விட்டுப்போன இடத்தில் பரசிட்டமோல் அமர்ந்தது.

இலங்கையில் அதன் பெயர் பனடோல்தான். எந்தக் கம்பனி செய்தாலும் பனடோல். பாமசியில் “பிள்ளைக்குப் பனடோல் பாணி ஒண்டு தாங்கோ” என்றால் எடுத்துத் தருவார்கள். இந்தப் பழக்கத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுத்த எந்தப் பாணியும் வீட்டுப் பேச்சில் பனடோல் ஆகிவிடும். கண் வீங்க வைத்தது இபுபுரோபனாக இருந்தாலும், கொப்பியில் ஏறுவது பனடோலின் பெயர். டிஸ்பென்சரியில் கொடுக்கும் மருந்து இன்னும் சிக்கலானது. சின்னஞ்சிறு கடதாசிப் பையில் நாலு குளிசை, மேலே காலை–இரவு என்று நேரம், சாப்பிட்ட பிறகு என்ற குறிப்பு. வெறும் போத்தலில் ஊற்றிய சிவப்புப் பாணி. மருந்தின் பெயர் எங்கும் இராது. அடுத்த நாள் பிள்ளை தடித்து எழும்பினால், சிறுவர் வைத்தியசாலையில் தாய் சொல்லக்கூடியது “சிவப்பு மருந்து குடுத்தவை” என்பது மட்டுமே.

பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டில் நடத்திய போராட்டத்தை நான் மரியாதையோடு நினைப்பது இதனால்தான். மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, அதன் மூலப் பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று அவர் வாதாடினார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அந்த எண்ணத்தில்தான். ஊர் ஊராக இருக்கும் ஒசுசல பாமசிகள் அதன் பிள்ளைகள். பிபிலேயின் நோக்கம் விலையைக் குறைப்பதும் தேவையற்ற மருந்துகளைக் களைவதும். ஆனால் மூலப் பெயர் ஒரு தாயின் கையில் இருப்பது உயிர்காக்கும் காரியமும்கூட. கம்பனிப் பெயர் பெரிய எழுத்திலும், மூலப் பெயர் அதன் கீழே சிறிய ஆங்கில எழுத்திலும் இருக்கும் போத்தல்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் இது புரியும். மூன்று வேறு பெயர்; உள்ளே ஒரே மருந்து. தடிமனுக்கு என்று விற்கும் பாணியிலும் பரசிட்டமோல் இருக்கும். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது தெரியாமல் போகும் வழி; ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அளவு மீறிப்போகும் வழி.

இனி, நோயின் தடிப்பா மருந்தின் தடிப்பா என்ற அந்த முதல் கேள்விக்கு வருவோம். பனடோல் குடித்து மேல் தடித்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பனடோல் காரணமில்லை. வைரஸ் காய்ச்சலே தோலைத் தடிக்க வைக்கும். டெங்குவிலும் தோல் சிவக்கும். காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுப்போம் என்பதால், தடிப்பு வரும்போது பக்கத்தில் பனடோல் நிற்கும். செங்காய்ச்சல் பிள்ளைகளிடம் வியன்னாவில் கண்ட அதே குழப்பம். காய்ச்சல் மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லப்பட்ட பிள்ளைகளை, சுகமான நாளில் வைத்தியசாலையில் வைத்து முறைப்படி சோதித்த நாடுகளில், அவர்களில் பெரும்பகுதியினர் அந்த மருந்தைத் தாங்கினார்கள். பரசிட்டமோலுக்கு உண்மையான ஒவ்வாமை உண்டு, ஆனால் அரிது. இபுபுரோபன் கூட்டம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் வழமையான அளவுப் பரசிட்டமோலைத் தாங்குவார்கள். ஒருசிலர் தாங்கமாட்டார்கள் என்பதால்தான், முதல் தடவை அதை வைத்தியர் முன்னால் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

சோதனையை விடால் தொடங்கி வைத்த வழியிலேயே இன்றும் செய்கிறார்கள். இந்த வகை ஒவ்வாமைக்கு இரத்தப் பரிசோதனையோ தோலில் குத்திப் பார்ப்பதோ பெரிதாக உதவாது. காய்ச்சலோ மூச்சிழுப்போ இல்லாத ஒரு நாளில் பிள்ளையை வைத்தியசாலையில் இருத்தி, முழு அளவின் ஒரு சிறு பங்கைக் கொடுப்பார்கள். காத்திருப்பார்கள். தோலையும் மூச்சையும் நாடியையும் பார்த்துவிட்டு, அளவைக் கூட்டுவார்கள். பக்கத்தில் அட்றினலின் தயாராக இருக்கும். வீட்டில் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்போம் என்று எவரும் முயலக்கூடாது.

உண்மையான ஆபத்து எப்படி இருக்கும் என்பதையும் பெற்றோர் தெரிந்திருக்கவேண்டும். தடிப்போடு மூச்சிரைப்பு, குரல் கம்முதல், திரும்பத் திரும்பச் சத்தி, முகம் வெளிறிச் சோர்ந்து விழுதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனபைலக்சிஸ். தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்றினலின் ஊசி போடவேண்டும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பிரிட்டன் (Piriton) பாணி அதற்கு ஈடாகாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இன்னொன்று மெதுவாக வருவது: மருந்து தொடங்கிச் சில நாட்களுக்குப் பிறகு வாய் புண்ணாகி, கண் சிவந்து, தோல் கொப்பளித்து உரிவது. 7, 8 வயதுச் சிறுவர்கள் இருவரிடம் கண்ட இத்தகைய நோயைத்தான் ஸ்டீவன்சும் ஜோன்சனும் 1922இல் நியூயோர்க்கிலிருந்து எழுதினார்கள். மிக அரிதாகப் பரசிட்டமோலாலும் வரும் என்று 2013இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது. இந்த இரண்டுவகைப் பிள்ளைகளுக்கும் அந்த மருந்தை நிபுணர் ஒருவர் சொல்லாமல் மறுபடி கொடுக்கக்கூடாது.

மற்றப்படி, வீட்டில் செய்யக்கூடியது அந்த வியன்னா வைத்தியர்கள் செய்த வேலைதான். டிஸ்பென்சரியில் மருந்து வாங்கும்போது பையின் மேல் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் எழுதித் தராத டொக்டர் குறைவு. பிள்ளை தடித்தால் போத்தலை எறியாதீர்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்குக் கொடுத்தது, எத்தனை மணிக்குத் தடிப்புக் கண்டது, அது முகத்திலா உடம்பிலா, காய்ச்சல் தொடங்கி அன்று எத்தனையாம் நாள், அதே மருந்தை முன்பு கொடுத்தபோது என்ன நடந்தது என்பவற்றை எழுதுங்கள். தடிப்பையும் போத்தலின் பெயர்ச்சீட்டையும் தொலைபேசியில் படம் எடுங்கள்; தடிப்பு ஒரு மணித்தியாலத்தில் மறைந்துவிடலாம், பொரளை சிறுவர் வைத்தியசாலையில் வரிசையில் நின்று உள்ளே போகும்போது காட்டுவதற்கு ஒன்றும் இராது. படம் இருந்தால் டொக்டர் அதைப் பார்த்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதும்போது, காய்ச்சல் மருந்து என்றோ பனடோல் என்றோ பொதுவாக எழுதாமல், அந்த மூலப் பெயரையும் திகதியையும் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் மட்டும்தான் என்றால் சந்தேகம் என்றே எழுதச் சொல்லுங்கள்; அடுத்த மழைக்கு முன் அதைச் சோதித்து முடிவு காண ஒரு திகதியும் கேட்டுவாங்குங்கள்.